ஆவித் தேரை விரட்டியவளுக்கு

என் பாவாடையில் வெள்ளிப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நேற்றுக் காலை புதுவாயலில் கூடாரம் போட்டுத் திரைக்குப் பூசியது. முகர்ந்ததும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ காமாலையில் போய் எட்டு மாதம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். ஆறாவதோடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

ஊர் ஊராகப் போகும் 3டி படக் கூடாரத்தின் வாசலில் அட்டைக் கண்ணாடி கொடுப்பது நம் வேலை. உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு ப்ரொஜெக்டர், இரண்டின் முன்னும் சாம்பல் நிறத் தகடு. கண்ணாடியிலும் அதே தகட்டின் துண்டுகள்தான். ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குப் போகாமல் அவை தடுத்தால், படத்தில் ஓடும் தேர் திரையைவிட்டு நம் மடிக்கே வரும். சும்மா இருக்கும்போது இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருப்புவாய். ஒரு திருப்பத்தில் இருட்டிவிடும். அதற்கே அப்படிச் சிரிப்பாய்.

திருவள்ளூரில் ஆயுதபூசைக்கு எல்லாவற்றையும் கழற்றிச் சந்தனம் வைத்தோம். தகடுகளைத் துடைத்தவள் நீ. திரும்ப மாட்டியவர் முதலாளி. மறுநாள் ஒவ்வொரு தேருக்குப் பக்கத்திலும் மங்கலாக இன்னொரு தேர், ஆவி மாதிரி.

"இன்னாய்யா, குடிக்காமலே ரெண்டு ரெண்டா தெரியுது!" என்று ஒருவர் கத்த, பெஞ்செல்லாம் சிரிப்பு.

முதலாளி உன்மேல் பாய்ந்தார். "துடைக்கிறேன்னு தகட்டையே கெடுத்துட்டியே. ஊட்டுக்குக் கெளம்பு!"

"ஒரு கீறல் காட்டுங்க, போறேன்" என்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

இடக்கண் ப்ரொஜெக்டரை மட்டும் எரியவிட்டு என்னை நடு பெஞ்சில் உட்கார வைத்தாய். "கண்ணாடி போட்டுக்கினு இடக்கண்ண மூடு. வலக்கண்ணுல தேரு தெரியவே கூடாது. தெரிஞ்சா கத்து. தலைய சாய்க்காத, சாய்ச்சா ஆவி வந்துடும்." தகட்டை மெல்லத் திருப்பினாய்.

"தெரியுது" என்றேன்.

"இன்னாடி, எறும்பு கிட்டயா பேசற?"

"தெரியுது! இன்னும் தெரியுது! போச்சு! ஐயோ, தாண்டிட்ட, திரும்பி வா!"

அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. அடுத்த தகட்டையும் அப்படியே திருப்பினாய். ஓர பெஞ்சில் மட்டும் கொஞ்சம் ஆவி மிச்சம். "நடுவுல குந்தறவன் மட்டுமா டிக்கெட்டு வாங்கினான்?" என்று சொல்லி, திரையில் வெள்ளிப் பெயிண்ட் உரிந்த இடங்களையும் பூசினாய்; உரிந்த இடத்தில்தான் ஒளி கலைந்து ஆவி வரும். அன்று மாலை எந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தாலும் ஒரே தேர்தான். தகடு கெடவேயில்லை, கோணலாக மாட்டியிருந்தது, அவ்வளவுதான்.

நேற்று மாலை ஆட்டம் பார்க்க உன் அம்மா வந்தார். கண்ணாடி வாங்க நின்றவரிடம் முதலாளி, "ஒன் பொண்ணு ஒருவாட்டி தகட்டக் கெடுத்து ஒரே பேஜாரு. நான்தான் சரி பண்ணேன்" என்றார். உன் அம்மா தரையைப் பார்த்தார்.

"பொய்" என்றேன்.

"இன்னா?"

"கோணலா மாட்டினது நீங்க. சரி பண்ணது அவ. நான் குந்திக்கினு பாத்தேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. "கண்ணாடிய வச்சிட்டுக் கெளம்பு" என்றார் முதலாளி. வைத்துவிட்டு உன் அம்மாவோடு வெளியே வந்தேன்.

பேருந்துக்கு நிற்கும்போது உன் அம்மா, "இன்னொருவாட்டி சொல்லு கண்ணு, இன்னா பண்ணா அவ?" என்று கேட்டார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.