குறி சுடாத கன்று

குறிஞ்சாக்கேணி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத பிறகு.

கத்தாரில் இருக்கும் நுஸ்கி மச்சானுக்கு ஷிஃபானாவின் ஸலாம். சுகமாய் இருக்கிறீர்களா? பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். பெருநாளுக்குப் பிறகு என் போன் கோலை நீங்கள் எடுக்கவேயில்லை. வொய்ஸ் அனுப்பினால் கேட்டதற்கு அடையாளமாய் நீலம் விழுகிறது, அவ்வளவுதான். பெரியம்மாவின் மகன் நஸ்ரி லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறான். கையில் கொண்டுவந்து நீட்டினால் வாங்காமல் இருக்க ஏலாதே என்று இதை எழுதுகிறேன்.

உங்கள் கோபம் என்னவென்று எனக்குத் தெரியும். மாட்டுக்குச் சினை ஊசி போடும் இன்ஷாபின் மோட்டார் சைக்கிள் நம் வாசலில் அடிக்கடி நிற்கிறது என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். நின்றது உண்மை. ஏன் நின்றது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கடைசி வரை வாசியுங்கள்.

ஊசி போடச் சொன்னதே நீங்கள்தான். வாப்பா சீதனத்தோடு தந்த சுட்டிப் பசுவுக்கு நல்ல சாதி ஊசி போட்டுக் கன்று எடுத்தால், பால் கறந்து தயிர் போட்டு விற்கலாம், நானும் ஊரோடு வந்துவிடுகிறேன் என்றீர்கள். அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

முதல் தடவை சுட்டி விடியவே கத்தத் தொடங்கியது. தீன் தின்னவில்லை, பக்கத்து மாட்டின் மேல் தாவியது. காலையில் கத்தினால் பின்னேரம் ஊசி போட வேண்டுமாம், பின்னேரம் கத்தினால் மறுநாள் காலையாம். அது தப்பினால் இன்னும் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது இதொன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் உங்களைக் கேட்காமல் ஓர் அந்நிய ஆணுக்குக் கோல் எடுத்து, மாடு காளை தேடுகிறது என்று எந்த வாயால் சொல்வேன்? உங்கள் கோலுக்குக் காத்திருந்தேன். நீங்கள் வேலை முடிந்து எடுத்தபோது மறுநாள் பின்னேரம். இன்ஷாப் வந்து பார்த்துவிட்டு, "காலம் போயிட்டு தங்கச்சி, இனி அடுத்த முறைதான்" என்று திரும்பிப் போனார். உங்களைக் கேட்டு நடக்கக் காத்திருந்ததால் வந்த வரவு அது.

அடுத்த முறை நேரத்துக்கு வந்தார். நீங்கள் கறுப்பு வெள்ளைப் பிரீசியன் சாதிதான் வேண்டும் என்றீர்கள். அவர் தலையை ஆட்டினார். சுட்டி நாட்டு மாடு, சின்ன உடம்பு, இது முதல் கன்று; பெரிய சாதி ஊசி போட்டால் கன்று பெருத்து வெளியே வராது, ஜேர்சி போதும் என்றார். நான் சரி என்றேன். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் சண்டை பிடிப்பீர்கள். ஆனால் அதுவும் தங்கவில்லை. பெரும்போக நெல் விதைத்த காலம், மேய இடமில்லை, நான் வைக்கோலை அள்ளிப் போட்டுக்கொண்டு மாடு வயிறு நிறையத் தின்கிறதே என்றிருந்தேன். வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் பிடிக்காது. விலா எலும்பு தெரிகிற மாட்டில் சினை எப்படி நிற்கும்?

பிறகு வேலியோரக் கிளிசரியா மரத்தின் இலைக்குழையை வெட்டி வாடவிட்டுப் போட்டேன். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து வைத்தேன், நக்குவதற்கு உப்புக்கட்டி கட்டினேன். மெல்ல மெல்ல மாட்டின் தோல் மினுங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு போட்ட ஜேர்சி ஊசிதான் நின்றது. சினை பார்க்கவும் அவர்தான் வந்தார். கையை விட்டுப் பார்த்து, "ஓம், நிண்டிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தவர்கள் போன பிறகு சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை, சுட்டியிடமே சொன்னேன். நான் இப்போதெல்லாம் அதனோடுதான் கதைக்கிறேன். எல்லாவற்றையும் கேட்கும், பதில் சொல்லாது. உங்களைப் போலத்தான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக் கதை. உங்களுக்கு வந்து சேர்ந்ததும் அதுதானே? ஜும்மா நேரம், ஆண்கள் எல்லாரும் பள்ளியில். சுட்டி முக்கி முக்கிக் கிடக்கிறது, கன்றின் மூக்கும் ஒரு காலும் மட்டும் தெரிகிறது, மற்றக் கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. இந்த முறை நான் உங்கள் கோலுக்குக் காத்திருக்கவில்லை, நேரே இன்ஷாபுக்குக் கோல் எடுத்தேன். பள்ளிக்கு வந்துகொண்டிருந்த மனிசன் வெள்ளைச் சாரனோடு வந்து, கைக்குச் சவர்க்காரம் போட்டு, தலையை உள்ளே தள்ளி, காலை நிமிர்த்தினார். சுட்டி முக்கும்போதெல்லாம் நானும் கன்றின் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஜேர்சியாய் இருந்ததால் தாயும் பிள்ளையும் தப்பின. ஜும்மாவுக்குப் போகாதவர் நம் வீட்டிலிருந்து வெளியே போனதைப் பள்ளிக்குப் போகாத கண்கள் பார்த்திருக்கின்றன.

சுட்டியின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? உங்கள் உம்மா. முதல் நாளிலிருந்து இன்ஷாப் வரும்போதெல்லாம் மாமியை அவவின் வீட்டிலிருந்து கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் கேற்றைத் திறந்தேன். மாமியிடம் கேட்டால் எல்லாம் சொல்வா. ஆனால் அவவிடம் கேட்டுப்போட்டுத்தான் என்னை நம்புவீர்கள் என்றால், கேட்கவே வேண்டாம். எனக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை. மாமியையும் உங்களிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

பசுக்கன்றுதான் மச்சான். கபில நிறம், நெற்றியில் தாயின் அதே வெள்ளை. நீங்கள் கேட்ட கறுப்பு வெள்ளை இல்லை. இது வளர்ந்து, சினைப்பட்டு, பால் தர இன்னும் மூன்று வருசம் செல்லும். அதுவரை இருந்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தாய் இப்போதே கறக்கிறது. பாலைக் காய்ச்சித் தயிர் போட்டால் ஒரு சட்டியை நானும் மாமியும் சாப்பிட்டு முடிக்க ஏலவில்லை.

இன்னொரு விசயம். கன்றின் காதில் அரசாங்க மஞ்சள் தகடு அடித்துவிட்டார்கள். ஆனாலும் நம் ஊரில் தொடையில் கம்பியால் சுட்ட வீட்டுக் குறிதானே பேசும்? குறியில்லாமல் மேய்ச்சலுக்குப் போன கன்று பிடித்தவனுக்குச் சொந்தம். குறி சுடுவது வீட்டு ஆணின் வேலை. நேற்று அடுத்த வீட்டு ஜெமீல் காக்கா கம்பியோடு வந்து, "ஆளில்லாத வீடு, நான் சுட்டுத் தாறன்" என்றார். ஆளில்லாத வீடு என்றது எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் காக்கா, சுடுகிற ஆள் வாறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

கன்றை வெளியே விடாமல் குசினிப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறேன். மற்றக் கன்றுகள் போகும்போது அதுவும் கயிற்றை இழுத்துக் கத்துகிறது. எவ்வளவு நாளைக்கு இப்படிக் கட்டி வைக்க ஏலும் என்று தெரியவில்லை.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும், வெயிலில் நிற்கும் வேலையை லேசாக்கட்டும். ஜெமீல் காக்காவிடம் நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதீர்கள், மச்சான்.

உங்கள்,
ஷிஃபானா