புதன்கிழமைக்கு முன்னால் வந்த போன்கள்

ஞாயிறு, நோன்பு 6

விடிந்ததிலிருந்து தூறல். எங்கள் கேபிள் டிஷ்ஷுக்குள் தண்ணீர் இறங்கி பாதி சேனல் புள்ளி புள்ளியாக. இவர் மாடியில், தலையில் சாக்குப்பை. நான் கீழே, போன் பக்கத்தில்.

வந்த புகார்கள்:
ஸ்டேஷன் தெரு - படம் இல்லை, சத்தம் மட்டும்.
அரிசி மில் சந்து - குரங்கு வயரை இழுத்துவிட்டது.
மற்ற எல்லாரும் - நியூஸ் சேனல் தெளிவாக இல்லை.

நம் பொம்மிடியில் நியூஸுக்காக யாரும் கேபிள்காரர் வீட்டுக்குப் போன் போட்டதில்லை. ஒருத்தரிடம் கேட்டே விட்டேன். "அதாங்க பாயம்மா, உலகம் அழியறதக் காட்டறானே, அது" என்றார். மளிகைச் சாமான் கேட்கிற குரல்.

மத்தியானம் நானும் பார்த்தேன். வெளிநாட்டில் பூமிக்கு அடியில் ஒரு பெரிய வளையம். இங்கிருந்து தர்மபுரி போகிற ரோட்டை அப்படியே வட்டமாக வளைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஓடவிட்டு மோத வைப்பார்களாம். அதில் கருந்துளை உண்டாகி பூமியை விழுங்குமா? புதன்கிழமை ஆரம்பம். ஓரத்தில் சிவப்பு எழுத்தில் மணி குறைந்துகொண்டே வருகிறது. பின்னால் பேய்ப்படத்துக்குப் போடுகிற இசை.

நோன்புக் கஞ்சிக்கு அரிசி ஊற வைக்க மறந்து போனேன்.

சாயங்கால அசர் தொழுது எழுந்ததும் வள்ளி போன். ஊர்க்கோடி மாந்தோப்பு ஓரத்து வீடு. புருஷன் மாதேஷ் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறான். இரண்டும் பெண் பிள்ளைகள். கனெக்‌ஷன் கொடுக்கப் போன அன்று எனக்கு மோர் கொடுத்தவள், அதிலிருந்து பழக்கம்.

"அக்கா, நெசமாங்களா?"

"டிவிக்காரன் எதையாச்சும் காட்டிக்கிட்டுத்தான் இருப்பான் வள்ளி."

"இல்லீங்க, பெரிய பெரிய ஆளுங்க கேஸ் போட்டுருக்காங்களாமே, நிறுத்தச் சொல்லி."

சமைத்தாயா என்று கேட்டேன். சமைத்தாளாம்.

திங்கள், நோன்பு 7

மழை இல்லை. புழுக்கம்.

நேற்று இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்த இவர் சிரித்துக்கொண்டே சொன்னது: உலகம் முடிகிற கியாமத் நாள் எதுவென்று அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும், அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியாது என்று ஹஜ்ரத் சொன்னாராம். பள்ளிவாசலில் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய் மறுபடி அதே சேனலைப் போட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாதி பிள்ளைகள் இல்லையாம். தீர்த்தமலைக் கோயிலுக்கு இரண்டு வேன் போயிற்று. சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற இடமில்லை. மலையில் இருந்தால் தப்பிக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பூமியே போனால் மலை மட்டும் எங்கே நிற்கும் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போன் போன் போன். ஒரு பெரியவர் அழுதார். பேர் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன், அந்தச் சேனலை எடுத்துவிடுங்கள் என்று. யோசித்தார். "கேட்டா டிஷ் ரிப்பேர்னு சொல்லிக்கலாம்" என்று மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால் நிறுத்தினார். வீடே அமைதியான மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற நினைப்பு.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு வாசலில் கூட்டம். பெண்கள்கூட.

"எதுக்கு பாய் நிறுத்துனீங்க?"

"டிஷ் ரிப்பேருங்க."

"மத்ததெல்லாம் வருதே. அது மட்டும் ரிப்பேரா?"

"மேலருந்து சொல்லிட்டாங்களா? சொல்லுங்க. எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கறீங்களா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் போட்டுவிட்டார். கூட்டம் கலைந்தது. ஆனால் போகும்போது ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. "நிறுத்தியே பாத்துட்டாங்கன்னா உண்மைதான்டி."



செவ்வாய், நோன்பு 8

வெயில். துணி துவைத்தேன்.

தங்கவேல் சாரைக் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறவர். நம் லோக்கல் சேனலில், பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிற இடத்தில், பத்து நிமிஷம் பேசட்டும். சார் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஹாலில் நீலப் போர்வையைத் தொங்கவிட்டு, கல்யாண வீட்டுக் கேமராவில் இவரே எடுத்தார்.

நன்றாகத்தான் பேசினார். "வானத்துலருந்து இதவிட வேகமான துகளுங்க தினமும் நம்ம மேல விழுந்துகிட்டேதாங்க இருக்குது. நிலா மேலயும் விழுது. நிலா அங்கயேதானே இருக்குது?" எனக்கே தெம்பாக இருந்தது.

கடைசியில் இவர் கேட்டார், "அப்ப ஆபத்தே இல்லைன்னு சொல்லிடலாங்களா சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விஞ்ஞானத்துல பூஜ்யம்னு சொல்ற பழக்கம் இல்லீங்க. ஏறக்குறைய இல்லைன்னு சொல்லலாம்."

அவ்வளவுதான். சேனலில் ஓடி முடிவதற்குள் போன்.

"ஏறக்குறையன்னா கொஞ்சம் இருக்குதுன்னுதானே?"

"கண்ணாடிய எதுக்குத் தொடச்சாரு? மொகத்தப் பாத்தீங்களா?"

"சார் சம்சாரம் ஊருக்குப் போய்ட்டாங்களாமே?" (பிரசவத்துக்குப் போய் ஒரு மாசம் ஆகிறது.)

சார் இங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டது. "நான் பொய் சொல்லிருக்கணுமாம்மா?" என்றார். நோன்பு எங்களுக்குத்தான், அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

சாயங்காலம் வள்ளி. குரல் இறங்கிப்போய்.

"அக்கா, பிள்ளைங்களுக்கு வலிக்குங்களா?"

"என்ன பேச்சு இது வள்ளி?"

"இல்லீங்க. சட்டுனு போயிடுமா, இல்ல நேரம் ஆகுமான்னு சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

ஒன்றும் ஆகாது, நாளைக்கு நான் வருகிறேன் என்றேன். சரி என்றாள். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

புதன், நோன்பு 9

இதை மெதுவாக எழுத வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் மாதேஷ் போன், பெங்களூரிலிருந்து. பர்ஸில் கிடந்த கேபிள் ரசீதில் இருக்கிற நம்பரைப் பார்த்துப் போட்டிருக்கிறான். வள்ளி போன் எடுக்கவில்லை. காலையில் பேசியபோது, நீ வர முடியாட்டி பரவாயில்லை, நாங்க மூணு பேரும் ஒண்ணாவே இருந்துக்கிறோம் என்றாளாம். அக்கம்பக்கம் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். "கொஞ்சம் போய்ப் பாருங்கக்கா. கால்ல வுழறேன்." அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

இவர் கம்பத்தில் ஏறியிருந்தார். காத்திருக்கவில்லை. துப்பட்டியைப் போட்டுக்கொண்டு நடந்தேன், பாதி வழி ஓட்டம். கடைத்தெருவில் டிவி கடை முன்னால் அத்தனை கூட்டம், ஒரு சத்தம் இல்லை.

வள்ளி வீடு உள்பக்கம் தாழ். ஜன்னலும் சாத்தி. உள்ளே டிவி அலறுகிறது. தட்டினேன். கூப்பிட்டேன். டிவி சத்தத்தில் கேட்கவில்லையா, இல்லை வேறு எதுவுமா. பின்பக்கம் போனேன், அங்கேயும் தாழ். கதவில் மோதிப் பார்த்தேன். தோள்தான் வலித்தது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

டிவி நின்றது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் உள்ளே வள்ளி கத்தினாள். பிள்ளைகளும். உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்கு அதைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது.

"வள்ளி, நான் மும்தாஜ். கேபிள் அக்கா. கரண்ட் போயிருக்குது, அவ்வளவுதான்."

"இல்ல. இல்ல. ஆரம்பிச்சிருச்சு."

"கதவத் தெற கண்ணு."

"தெறந்தா உள்ள இழுத்துக்கும்னு சொன்னான்."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு அமைதியானாள். பிறகு கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் குரல். "வெளிய எல்லாம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"என்ன இருக்குது? சொல்லுங்க."

சுற்றிப் பார்த்தேன். என்ன சொல்வது. "உன் கொடியில பாவாடை காயுது. சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு."

"அப்புறம்?"

"கோழி நிக்குது. ஒரு கோழி தொட்டித் தண்ணி குடிக்குது. மாமரத்துல கயிறு கட்டி ஊஞ்சல் போட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் ரயில் போகுது, கேக்குதா? சேலம் பக்கம் போற கூட்ஸ்."

ரயில் முழுக்கப் போய் முடிந்தது. நீளமான ரயில். அப்புறம் தாழ்ப்பாள் சத்தம்.

பிள்ளைகள் இரண்டும் தீபாவளித் துணியில் கட்டிலுக்கு அடியில். தலைக்குப் பூ. தரையில் கேசரி, மூன்று தட்டில், தொடாமல். கதவிடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தாள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். வள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் வாங்கல. பிள்ளைங்க பயந்துக்காம இருக்கணும்னுதான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் தண்ணீர் கொண்டு வந்தாள். நோன்பு என்றேன். "அப்ப உக்காருங்க" என்று பாயை விரித்தாள். பிள்ளைகள் கேசரி தின்றன. மாதேஷுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவன் ஏற்கெனவே ரயிலில்.

இவர் தேடிக்கொண்டு வந்தபோது கரண்ட்டும் வந்தது. டிவியில் வெள்ளைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். வள்ளி எழுந்து போய் நிறுத்தினாள்.

வியாழன், நோன்பு 10

மேகமூட்டம். டிஷ் சரியாகிவிட்டது.

மறுபடி பழைய புகார்கள். சீரியல் நேரத்தில் படம் ஆடுகிறதாம். நேற்று அழுத ஊர்தானா இது. தீர்த்தமலை வேன் திரும்பிவிட்டது, ஆளுக்கு ஒரு பிரசாதப் பொட்டலம், எங்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். தங்கவேல் சார் தெருவில் போனார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் சலாம் வைத்தேன். சிரித்தார்.

நியூஸில் ஒரு வரி, கீழே ஓடியது: நேற்று துகள்களை ஓட மட்டும்தான் விட்டார்களாம். மோத விடுவது இனிமேல்தானாம். தேதி சொல்லவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். சேனலை எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பதினைந்து நிமிஷத்தில் வள்ளி போன். பின்னால் மாதேஷ் யாரையோ அதட்டுகிற சத்தம்.

"அக்கா, இன்னும் மோதலையாமே."

"ஆமா. நானும் பாத்தேன்."

"என்னைக்குங்க?"

"தெரியல வள்ளி." பொய் சொல்ல வரவில்லை. "பயமா இருக்குதா?"



"இருக்குதுங்க. சின்னவளுக்குக் காய்ச்சல், அவள வீட்டுல நிறுத்திட்டேன். பெரியவள ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்."