பகலில் படுக்காத அம்மாவுக்கு

என் அம்மா,

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "இனிமேலாவது நிம்மதியாத் தூங்கட்டும்." சொன்னவர்கள் எல்லோரும் உன்னை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள். நீ தூங்கவில்லை என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நீ இருந்தபோது ஏன் ஒருவரும் அதைச் சொல்லவில்லை?

வீட்டுச் செய்தி சொல்கிறேன். அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். அண்ணனுக்கு அம்பத்தூரில் அதே பழைய கம்பெனிதான், இந்த வாரம் நைட்டு. குவார்ட்டர்ஸ் குழாயில் இப்போதும் விடிவதற்கு முன்பே தண்ணீர் வந்து போய்விடுகிறது. உன் வேலைகளை நான் செய்கிறேன். குழம்பில் புளி தூக்கல் என்கிறான் அண்ணன். அப்பா பாதிச் சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். நம் வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் சொல்கிறேன். அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். அண்ணனும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. ஒருவர் கிளம்பும் நேரத்தில் மற்றவர் வருவார். வந்தவருக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும், அதை நீதான் போட வேண்டும். மூடி வைத்ததை எடுத்துப் போட்டுச் சாப்பிட இரண்டு பேருக்குமே தெரியாது. இருவரும் நல்லவர்கள்தான். உன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பசியோடு வந்து தட்டின் முன்னால் உட்காருவார்கள், அவ்வளவுதான். நீ எழுந்துவிடுவாய்.

நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. நைட்டு முடித்து வந்தவர் தூங்குகிறார் என்றால் கதவுத் தாழ்ப்பாளில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார்கள். துண்டைப் பார்த்ததும் கீரைக்காரி குரலைத் தணித்துக்கொள்வாள். தபால்காரர் சத்தமில்லாமல் கடிதத்தைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போவார். விளையாடும் பிள்ளைகள்கூடப் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். ஆணின் தூக்கத்துக்கு அந்தத் தெருவே காவல் இருந்தது.

உனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது நான் பிளஸ் டூ படித்த வருடம். இனிப்பு கூடாது, கிழங்கு கூடாது, நன்றாக நடக்க வேண்டும், பகலில் தூங்கக்கூடாது என்றார் டாக்டர். ராத்திரி தூங்குகிறாயா என்று அவர் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அதெல்லாம் டாக்டரிடம் சொல்லும் விஷயம் என்று உனக்கு எப்படித் தோன்றும்?

ஒரே ஒரு மதியம் நீ துண்டை மாட்டிவிட்டுப் படுத்தாய். அப்பாவும் அண்ணனும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா, நூம்பலில் இருந்து வாக்கப்பட்டு வந்தவள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாக்கா இது. உன் ஊட்டுக்காரு காலைலயே டூட்டிக்குப் போனத நான் பாத்தேன். யாருக்குத் துண்டு மாட்டிகினு கீற?"

நீ பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்தாய். "தலை வலிச்சுது கஸ்தூரி. சும்மா சாஞ்சேன்."

"சாஞ்சியா? கொறட்ட தெருவு வரிக்கும் கேக்குது. உனுக்கு இன்னா ஷிப்ட்டுக்கா, நைட்டா?"

அவள் பின்னால் வந்து நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே போய்த் துண்டைக் கழற்றினாய்.

"சிரிப்பு இருக்கட்டும். சக்கர ஒடம்பு உனுக்கு. பகல்ல படுத்தா ஏறிக்கும்னு டாக்டரு சொல்லிகீறாரு இல்ல? ஏந்திரு, வெளிய வந்து குந்து."

அன்றிலிருந்து உன் மதியங்களைக் கஸ்தூரி அக்கா பார்த்துக்கொண்டாள். முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு எடுத்துக்கொண்டு வருவாள். நீங்கள் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து ஆய்வீர்கள். உன் தலை முன்னால் விழும்போதெல்லாம் தோளைப் பிடித்து உலுக்குவாள். அவ்வளவும் பாசம் அம்மா. உனக்கு உடம்பு முடியாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவள்தான். அப்பாவும் வேலைக்குக் கிளம்பும்போது, "பகல்ல படுத்துடாத, என்ன?" என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போவார். மாத்திரையைப் போல அதுவும் ஒரு வைத்தியம் ஆகிவிட்டது.

சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் உன்னைத் திட்டினார். நீ காப்பியைக்கூடச் சர்க்கரையில்லாமல் குடித்துக்கொண்டிருந்தாய். ஆனாலும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தார். "நான் ஒண்ணும் திங்கலைங்க" என்றாய். "திங்காம எப்படி ஏறும்?" என்றார். உனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அந்த வீட்டில் யாருக்குமே தெரியவில்லை.

பிறகு அந்த வடிகஞ்சி. அண்ணனுக்கு மதிய ஷிப்ட், அவசரமாகச் சோறு வடித்தாய். நின்றபடியே கண் செருகிவிட்டது. கொதிக்கும் கஞ்சி வலது காலில் கொட்டியது. "சுட்டதே தெரியலடி" என்று ஆச்சரியமாகச் சொன்னாய். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்தது என்று அப்போது நமக்குத் தெரியாது. வலி இல்லையே என்று நிம்மதிப்பட்டோம். புண் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. அதற்கு மேல் நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்ல மனம் வரவில்லை.

நான் படித்த கதைகளில் விழித்திருக்கும் தாய்மார்கள் நிறைய வருகிறார்கள். எழுதியவர்கள் எல்லோரும் அவர்களைப் போற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த விழிப்பு ஒருத்தியின் இரத்தத்தை என்ன செய்தது என்று ஒரு பக்கத்திலும் நான் படித்ததில்லை.

போன மாதம் அப்பாவை இரத்தக் கொதிப்புக்காகப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்தது வயதில் சின்னப் பெண் டாக்டர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பகல்ல தூங்கினா சர்க்கரை ஏறுமா டாக்டர்?"

"ராத்திரி நல்லாத் தூங்கிட்டு, மதியம் சாப்பிட்டுத் திரும்ப மணிக்கணக்காப் படுக்கறவங்களுக்குச் சொல்றது அது. ராத்திரித் தூக்கமே இல்லாதவங்க பகல்லயாவது தூங்கணும். தூக்கம் கெட்டா சர்க்கரையும் கட்டுக்குள்ள நிக்காதுன்னு இப்பல்லாம் பேச ஆரம்பிச்சிருக்காங்க. யாருக்குக் கேக்கறீங்க?"

"எங்கம்மாவுக்கு."

"அடுத்த தடவை கூட்டிட்டு வாங்களேன், பாக்கலாம்."

"அவ இல்லம்மா" என்றார் அப்பா.

டாக்டர் சங்கடப்பட்டு, பரம்பரையாகவும் வருவது உண்டு, தூக்கம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார். உண்மைதான். உன் அப்பாவுக்கும் இருந்தது. எப்படியும் உனக்கு வந்திருக்கலாம். வந்ததை நாம் வளர்த்தோமா? அதை இனி எந்த டாக்டரிடம் கேட்பது?

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மாறிவிடுவார் என்று நம்பினேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தார். சோறு அடுப்படியில் தயாராக மூடியிருந்தது. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் போட்டேன்.

இப்போது அண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டால் வீட்டில் சோறு போட ஆள் வேண்டும் என்பதால் அவன் கல்யாணம் முதலில். பெண் காட்டுப்பாக்கம். துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை, கல்யாணத்தோடு நின்றுவிடுவாளாம். பார்க்கப் போன அன்று அவளிடம் தனியாகப் பேசக் கிடைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன்.

"எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் ஷிப்ட். ராத்திரி சேர்ந்தாப்ல தூங்க முடியாது. யோசிச்சுக்கோங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். "எங்க ஊட்லயும் அப்டித்தான் அண்ணி. நைனாக்கு கம்பெனில வாச்மேன் டூட்டி, தம்பி விடிகாலைல பால் போடப் போவான். நான் கம்பெனி பஸ்லயே தூங்கிடுவேன். நின்னுகினே தூங்க வரும் எனுக்கு."

"அம்மா?"

"அம்மாக்கு சக்கர. மாத்திர துண்ணுகினு கீது."

அதை அவள் வானிலை சொல்வதைப் போலச் சொன்னாள். அதற்கு மேல் என்ன சொல்வேன்? இந்த வீட்டுக்கு வராதே என்றால் அவள் இருக்கும் வீடு இதைவிடவா மேல்? அவள் வராவிட்டால் இன்னொருத்தி வருவாள். காப்பி குடித்துவிட்டு வந்தேன். தையில் கல்யாணம்.

அதற்குப் பிறகு எனக்கும் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்தில் ஷிப்ட் இல்லாத மாப்பிள்ளைக்கு எங்கே போவது? நான் போன பிறகு அவளுக்கு என்ன ஆகும், நான் போகிற இடத்தில் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் நல்லதாகத் தெரியவில்லை. அதனால் உனக்குப் பெரிய வாக்கு எதுவும் தரப்போவதில்லை. நான் இந்த வீட்டில் இருக்கிறவரை விடியலில் தண்ணீர் பிடிக்க அவளை எழுப்ப மாட்டேன். மதியம் அவள் கண்ணயர்ந்தால் யாரையும் அவளை எழுப்ப விடமாட்டேன். தை முடிந்து எனக்கு வரன் அமைகிற வரைக்கும்தான் இது செல்லும். கொஞ்ச நாள்தான் அம்மா. அந்தக் கொஞ்ச நாள் அவள் தூங்கட்டும்.

உன் அடுப்படியில் இப்போது நிற்கும் உன் மகள்,
மல்லிகா