ஜானு எழுதிய ஐந்து வாக்கியங்கள்

1942 ஜூலை 29, புதன்

சப்-இன்ஸ்பெக்டர் விஸ்வேஸ்வரன் வீட்டில் டியூஷன் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. மகள் ஜானுவுக்கு ஒன்பது வயது. ஜனவரியில் கான்வென்ட்டில் சேர இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஸ்டேஷன் கொல்லை.

பன்மையில் பாதி தேறிவிட்டாள். புக், புக்ஸ் வந்துவிட்டது. மேன் என்றால் மட்டும் மேன்ஸ். ஃபுட் என்றால் ஃபுட்ஸ். "ஷீப்புக்கு மட்டும் ஏன் டீச்சர் ஒண்ணும் சேர்க்கக் கூடாது? அது மந்தையா இருந்தாலும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன்.

'எ'யும் 'தி'யும்தான் பெரிய பாடு. நமக்கு அப்படி ஒன்று இல்லையே! "புதுசா ஒரு ஆளைச் சொல்றப்ப 'எ'. அதே ஆளைத் திரும்பச் சொன்னா 'தி'. தெரிஞ்ச ஆளாயிட்டான்ல, அதான்" என்றேன். தலையாட்டினாள்.

கிளம்பும்போது அவள் அப்பா மேஜைமேல் ஒரு பிரம்பை வைத்தார். "அடிக்காம ஏறாது டீச்சரம்மா. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

ஆகஸ்ட் 5

இன்று அடித்தேன். 'எ எக்' என்று மூன்றாம் தடவையும் எழுதினாள். உள்ளங்கையில் இரண்டு. அழவில்லை, கையை நீட்டிக்கொண்டே நின்றாள், இன்னும் வரும் என்பதுபோல. அவள் அம்மா ஸ்யாமளா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். அவர் கன்னத்தில் பழைய காயம், மஞ்சள் பூசி மறைத்திருந்தார்.

என்னையும் மடத்துப் பள்ளியில் அடித்துத்தான் வளர்த்தார்கள். பிறகு ஏன் இதை எழுதுகிறேன்?

ஆகஸ்ட் 12

தலைவர்களைப் பிடித்ததிலிருந்து ஊர் கொதிக்கிறது. கடைகள் அடைப்பு. மத்தியானம் சிம்மக்கல்லில் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டேன். கல் பறந்தது. லத்தி. பிறகு பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பட்டாசு இல்லை. எனக்கு முன்னால் ஓடியவர் ஒரு கடைப்படியில் உட்கார்ந்தார், களைத்துப்போய் உட்காருகிறவர் மாதிரி. கழுத்தைப் பொத்தியிருந்த கைவிரல் இடுக்கில் ரத்தம் பீறிட்டு என் அரிசிப் பையில் தெறித்தது. நான் நிற்கவில்லை. ஓடினேன்.

அம்மா அரிசியை மூன்று தண்ணீரில் கழுவினாள்.

ஆகஸ்ட் 13

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் மறு உத்தரவு வரை மூடல். டியூஷன் மட்டும் நிற்கக் கூடாதாம். சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டை அனுப்பிச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 18

எங்கள் தெருவில் இருக்கும் ஜட்கா வண்டிக்காரர் காசிமாயனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சவாரி வந்த இரண்டு பையன்கள் தந்திக்கம்பி வெட்டுகிற கத்திரியை வண்டியில் போட்டுவிட்டு ஓடிப்போனார்களாம். அவர் பெண்டாட்டி ஒச்சம்மாள் வந்து அழுதாள். "நீங்க அந்த வீட்டுக்குப் போறவுகளாமே தாயி. ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. பச்ச பெல்ட்டு கட்டியிருப்பாரு. இருமல்காரரு, அடி தாங்க மாட்டாரு."

கேட்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19

கேட்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஜானுவுக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்: ஜன்னல் வழியாகப் பார், பார்த்ததை ஐந்து வாக்கியம் எழுது, முதலில் 'எ', அடுத்து 'தி'.

ஆகஸ்ட் 20

இதை எப்படி எழுத?

நோட்டை அங்கேயே வாங்கித் திருத்தினேன். அவள் எழுதியிருந்தது அப்படியே:

எ மேன் இஸ் இன் தி யார்டு. தி மேன் ஹாஸ் எ கிரீன் பெல்ட். ஃபோர் போலீஸ்மேன்ஸ் ஆர் பீட்டிங் தி மேன். நவ் தி மேன் இஸ் ஸ்லீப்பிங். தே ஆர் புட்டிங் தி மேன் இன் எ சாக்கு.

போலீஸ்மேன்ஸை அடித்துவிட்டு 'போலீஸ்மென்' என்று சிவப்பு மையில் எழுதினேன். சாக்குக்கு மேலே 'சேக்' என்று எழுதினேன். எ, தி எல்லாம் சரி. முதல் தடவையாக எல்லாமே சரி. சந்தோஷத்தில் பத்துக்கு எட்டு போட்டு, கீழே 'குட்' என்றும் எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில்தான் அது எனக்குள் தமிழில் ஓடியது. கொல்லையில் ஒரு ஆள். பச்சை பெல்ட். நாலு போலீஸ். இப்போது தூங்குகிறார். சாக்குக்குள் வைக்கிறார்கள்.

வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, விரலில் இருந்த சிவப்பு மையைத் தேய்த்துக் கழுவினேன். குட்! குட்டாம்!

ஆகஸ்ட் 22

ஸ்யாமளா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து ஜானுவிடம் கேட்டேன். "அந்த ஆள் நிஜமாவே தூங்கினாராம்மா?"

"ஆமா டீச்சர். வாயத் தொறந்துக்கிட்டே. ஏட்டு தண்ணி ஊத்துனாரு, எந்திரிக்கல. அப்பா காலால உருட்டுனாரு." பிறகு பயந்துபோய், "தப்பா எழுதிட்டேனா?" என்றாள்.

இல்லை என்றேன்.

ஸ்டேஷனில் ஒச்சம்மாளிடம், "அவனை அன்னைக்கே விட்டாச்சு, எவ வீட்டுக்குப் போனானோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 25

"வாயத் தொறக்காதடி. நமக்கு ஆம்பளத் துணை கிடையாது" என்கிறாள் அம்மா. சரிதான். ஆனால் ஒச்சம்மாளின் விளக்கைத் தாண்டித்தானே தினமும் போக வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 27

சொல்லிவிட்டேன். நோட்டு, ஜன்னல், சாக்கு எல்லாம். மார்க் போட்டதையும் மறைக்கவில்லை.

ஒச்சம்மாள் அறைந்தாள். ஒன்று இல்லை, நாலு, ஐந்து. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "மார்க்கு போட்டியா? என் புருசன் செத்ததுக்கு மார்க்கு போட்டியாடி?" நான் தடுக்கவில்லை. அப்புறம் அவளே என் மடியில் விழுந்து கத்தினாள். தெருவே கூடிவிட்டது.

பிள்ளை பெயரை மட்டும் எங்கும் சொல்லாதே என்று காலைப் பிடித்துக் கேட்டேன். சரி என்றாள்.

ஆகஸ்ட் 29

வக்கீல் சாம்பசிவத்திடம் ஒச்சம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். "அந்த நோட்டு கையில இருந்தா மாஜிஸ்திரேட் முன்னால நிக்கலாம் அம்மா. இல்லாட்டி வெறும் பேச்சு" என்றார். நோட்டைக் கேட்காதீர்கள் என்றேன். அது கோர்ட்டுக்கு வந்தால் அந்தப் பிள்ளை வீட்டில் உயிரோடு இருக்காது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் கேள்விப்பட்டேன். ஒச்சம்மாள் ஸ்டேஷன் வாசலில் மண்ணை வாரித் தூற்றி, "பச்ச பெல்ட்டோட சாக்குல கட்டுனியேடா! நாலு பேரு சேந்து ஒரு நோயாளிய அடிச்சியேடா!" என்று கத்தியிருக்கிறாள். பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் கொல்லையில் நடந்ததை வேறு யார் பார்த்திருக்க முடியும்? அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஜன்னல்.

செப்டம்பர் 2

திங்கட்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. தாடை வீங்கியிருக்கிறது. முன்பல் இரண்டு போய்விட்டது.

டியூஷனுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே அடிச் சத்தம். தள்ளிக்கொண்டு நுழைந்தேன். நோட்டு தரையில் விரிந்து கிடந்தது. விஸ்வேஸ்வரன் ஜானுவின் வலது கையை மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைதானே? இந்தக் கைதானே எழுதுச்சு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். பிரம்பு இல்லை. லத்தி. பிள்ளைக்குக் கத்தக்கூட மூச்சு வரவில்லை.

"நான்தான் எழுதச் சொன்னேன். என்னை அடிங்க" என்று குறுக்கே விழுந்தேன். லத்தி முகத்தில் இறங்கியது. வாய்க்குள் ரத்தமும் பல்லும். கீழே கிடந்த என் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தார். இன்னொரு உதை. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஸ்யாமளா அடுப்படியிலிருந்து வந்தார். புருஷன் சட்டைக்குப் போடக் காய்ச்சிய கஞ்சி, கொதிக்கக் கொதிக்கப் பானையோடு. அப்படியே புருஷன் கழுத்தில் கவிழ்த்தார்.

அந்த அலறலை மறக்கமாட்டேன். மாடு மாதிரி அலறினார். தோல் கஞ்சியோடு சேர்ந்து வழிந்தது. நோட்டை எடுக்கக் குனிந்தேன், அடுப்பு மூலையில் உருண்டு விழுந்தவர் அதைப் பிடுங்கி நெருப்புக்குள் திணித்துவிட்டார். அந்த நிலையிலும்!

"நோட்டு கெடக்கட்டும், வா" என்று என் கையை இழுத்தார் ஸ்யாமளா. ஜானுவைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். தெருமுனையில் ஒரு ஜட்கா. என் முகத்தைப் பார்த்த வண்டிக்காரர் எங்கே என்று மட்டும் கேட்டார். வக்கீல் வீட்டில் டாக்டரை வரவழைத்துப் பிள்ளையின் கையைக் கட்டினார்கள். மூன்று விரல் எலும்பு நொறுங்கியிருக்கிறது. நேற்று விடிந்ததும் ஸ்யாமளாவின் அண்ணன் வந்து இருவரையும் சோழவந்தானுக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கை முழுசாக இருந்திருக்கும். சொல்லாமல் இருந்திருக்கலாமா? தெரியவில்லை. தெரியவே இல்லை.

செப்டம்பர் 6

போவதற்கு முன் வக்கீலிடம் ஸ்யாமளா சொல்லியிருக்கிறார், ஏட்டுகள் பேசிக்கொண்டதை: புதைத்தது வைகையில், சுடுகாட்டுக்குக் கீழே, மணல் திட்டு.

இன்று காலையில் ஜட்கா வண்டிக்காரர்கள் இருபது பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஒச்சம்மாள் யாரையும் தோண்ட விடாமல் கையாலேயே அள்ளினாள். நகம் பெயர்ந்தது. இடுப்பளவு ஆழத்தில் சாக்கு தட்டுப்பட்டது. பிரித்தார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பச்சை பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே மல்லாந்து விழுந்தாள்.

லாரியில் போலீஸ் வந்து அடித்தது. வண்டிக்காரர்கள் உடம்பைக் கீழே போடவில்லை. மண்டை உடைந்த ஒருவர் ரத்தத்தைத் துடைக்கக் கை இல்லாமல், கால்பக்கத்தைச் சுமந்துகொண்டே கரையேறினார். அவர்களே எரித்தார்கள்.

1943 பிப்ரவரி 11

விசாரணை முடிந்ததாம். ஸ்யாமளா மாஜிஸ்திரேட் முன்னால் நின்று எல்லாம் சொன்னார். புருஷன்மேல் கஞ்சி ஊற்றிய பெண்ணின் வாக்கை ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். தப்பி ஓடும்போது ஆற்றில் விழுந்து செத்தான் காசிமாயன் என்பது தீர்ப்பு. விஸ்வேஸ்வரனுக்கு வேறு ஜில்லாவில் உத்தியோகம், ஒரு படி மேலே.

என்னைப் பள்ளிக்கூடத்தில் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. தீக்குச்சி ஆபீஸ் கணக்கப்பிள்ளையின் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 19, வியாழன்

காசிமாயனுக்கு வருஷம். ஒச்சம்மாள் சாப்பாடு போட்டாள். என்னை நேற்றே வந்து கூப்பிட்டிருந்தாள்.

பந்தி உட்காரும்போது வாசலில் ஸ்யாமளாவும் ஜானுவும். சோழவந்தானிலிருந்து காலை ரயிலில் வந்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு வண்டிக்காரர் எழுந்தார், "இவுக எதுக்கு இங்க?" என்று. ஒச்சம்மாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேயில்லை. கையிலிருந்த கரண்டியைச் சோற்றுப் பானையில் குத்தி வைத்தாள்.

"ரெண்டு இலை போடுங்க" என்றாள்.

ஜானுவுக்கு வலது கையில் மூன்று விரல் மடங்குவதில்லை. சோற்றை அள்ள அள்ளச் சிந்தியது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பத் திரும்ப அள்ளினாள். ஒச்சம்மாள் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல், இலையைப் பார்த்தபடியே அதிலிருந்த சோற்றைப் பிசைந்தாள். ஒவ்வொரு உருண்டையாகப் பிடித்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.