சேலா வரும் இடத்தில்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எதையும் மறைக்காமல் உள்ளபடியே எழுதப்போகிறேன். முதலில், உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குச் சளி போய்விட்டது. மயிலாப்பூர் வெயில்தான் பழகவில்லை.

ஞாயிறு பூசையில் திருப்பாடல் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடல் கொந்தளித்தாலும் அஞ்சமாட்டோம் என்று வருமே, அந்தப் பாடல். கடலைப் பற்றிய வரி முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் 'சேலா' என்று ஓர் எபிரேயச் சொல் இருக்கிறது. வாசிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அதன் பொருள் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். குரலை உயர்த்தச் சொல்கிறது என்கிறார்கள் சிலர். சற்று நிறுத்தச் சொல்கிறது என்கிறார்கள் வேறு சிலர்.

இன்று ஒத்திகையில் நான் நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற ராயப்பேட்டை ஜான்சி, "இன்னாடி, மறந்துட்டியா? அடுத்த வரி கீழ கீது" என்றாள். மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஒரே சிரிப்பு.

"நிறுத்தாம வாசி. இல்லன்னா ஜான்சி வாசிக்கட்டும்" என்றார் வார்டன் சிஸ்டர்.

"கடல் பொங்குதுன்னு சொல்லிட்டு உடனே அடுத்த வரிக்கு ஓட முடியல, சிஸ்டர். அப்பா கடல்லதான் இருக்காங்க."

சிஸ்டர் என் புத்தகத்தை வாங்கி அந்த அடைப்புக்குறியைப் பார்த்தார். "ஒரு மூச்சு நேரம். அதுக்கு மேல கூடாது."

யார் சிரித்தாலும் ஞாயிறன்று நிறுத்துவேன்.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் அந்த வாசம் இல்லை. அப்பா கரைக்கு வந்ததும் ஹாஸ்டலுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் என்னை எழுப்புவதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மகள்,
ரெஜினா

பி.கு.: ஹாஸ்டலில் விளக்கை அணைத்துவிட்டார்கள். இதை இருட்டில்தான் எழுதுகிறேன்.