கோர்ட்டுத் தெருவில் முப்பதடி மனை

1873, மார்ச் 11

இன்று என் சவரக் கடைக்கு வரி மதிப்புப் போட ஓர் அதிகாரி வந்தார். அதிகாரியாம். எட்டு வருடத்துக்கு முன்புவரை கர்னல் தாரண்டின் தோட்டத்தில் அடிமையாக ஏர் பிடித்துக்கொண்டிருந்த பிரைமஸ் கில்யார்ட்தான் அது. நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் இப்போது மாவட்டத்துக்கே வரி மதிப்பீட்டாளன். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் ஓட்டு கொடுத்தால் தெற்கு கரோலினாவுக்கு இதுதான் கிடைக்கும்.

நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினான். "நாற்காலி ரெண்டு. கண்ணாடி மூணு. வெந்நீர் அண்டா ஒண்ணு."

"நம்ம ஆளுக்கே இப்படியா, பிரைமஸ்?"

"கர்னலுக்கும் இதே பென்சில்தான், வென்னிங் அண்ணே."

அண்ணனாம். எனக்கும் இவனுக்கும் தோலைத் தவிர என்ன உறவு? நான் சுதந்திரமாகப் பிறந்தவன். அடிமையாக இல்லாமல் இருந்ததற்காகவே என் அப்பா ஆண்டுதோறும் தலைவரி கட்டினார். போகும்போது தாடையைத் தடவிக்கொண்டு நாற்காலியைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அந்த நாற்காலியில் ஒரு கறுப்பன் உட்கார்ந்தால் மறுநாள் ஒரு வெள்ளைக்காரனும் வரமாட்டான். ஊரில் எல்லாக் கறுப்பு நாவிதர்களும் இப்படித்தான் பிழைக்கிறோம். அவனுக்கும் தெரியும்.

மார்ச் 12

நூற்றெண்பது டாலர் மதிப்பு போட்டிருக்கிறான். மனைவி டெல்ஃபினிடம் பொருமினேன். "போடட்டும். வரி வந்தாத்தானே பள்ளிக்கூடம் வரும்," என்கிறாள். பள்ளி வந்தால் அவள்தான் ஆசிரியை. எனக்கு வாய்த்தவளும் அந்தக் கட்சி.

ஏப்ரல் 2

கர்னல் தாரண்ட் வந்தார். சோப்பு நுரைக்கு அடியில் முகம் சிவந்திருந்தது.

"நாலாயிரம் ஏக்கரும் சதுப்பு, ஒண்ணுக்கும் உதவாதுன்னு எழுதிக் கொடுத்தேன்டா, ஆம்ப்ரோஸ். அந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? 'அந்தச் சதுப்புல வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடிச்சது நான். அதுல எத்தனை கூடை நெல்லு காணும்னு என் முதுகுக்குத் தெரியும்'ங்கிறான். என் நிலத்துக்கு அவன் விலை சொல்றான்."

"அக்கிரமங்க, கர்னல்."

கையில் கத்தி வைத்திருப்பவன் வேறென்ன சொல்வான். முப்பது வருடமாகத் தன் நிலத்துக்குத் தானே விலை எழுதிக்கொண்ட மனிதர். ஒரே ஒருவன் வயலில் இறங்கி நடந்து பார்த்ததற்கே இந்த ஒப்பாரி. இதுகளைப் பார்த்தா அப்பா தொப்பியைக் கழற்றினார்?

1874, ஜனவரி 19

கர்னல் மானத்துக்காக வரி கட்டவில்லையாம். பணம் இல்லாமல் இல்லை, போன மாதம்தான் புதுக் குதிரை வாங்கினார். அவர் உழாமல் போட்டிருக்கும் வயல்களும் ஊருக்குள் இருக்கும் மனைகளும் ஏலத்துக்கு வருகின்றன. நீதிமன்றக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஏழாவது மனை என் கடை நிற்கும் இடம்.

கோர்ட்டுத் தெருவில் முப்பதடி. அப்பா மூன்று முறை விலைக்குக் கேட்டார், நான் இரண்டு முறை. "உனக்கெதுக்குடா மண்ணு? கத்தியைப் பாரு," என்று சிரித்தார் கர்னல். மாதம் ஒன்பது டாலர் வாடகை. அவர் இறங்கு என்றால் அன்றைக்கே இறங்க வேண்டியதுதான். இத்தனை வருடம் தூங்கப் போகும்போதெல்லாம் எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

பிப்ரவரி 9

வாங்கிவிட்டேன். என் பெயரில். என் பெயரில்.

தோட்டத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, கைக்குட்டையில் முடிந்த காசைக் கொட்டி வயல் வாங்கினார்கள். நீதிமன்றப் படியிலேயே பாட்டு வேறு. சேற்றுக் கால்கள். நான் தள்ளி நின்றேன். பிரைமஸ் என்னிடம் வந்து கை நீட்டினான். குலுக்கினேன், இல்லையென்று சொல்லவில்லை. நன்றி சொல்ல வேண்டுமா? சம்பளம் வாங்குகிறான், வேலையைச் செய்தான்.

டெல்ஃபின் மனையின் நான்கு மூலையிலும் போய் நின்று பார்த்தாள்.

1875, அக்டோபர் 3

பள்ளியில் அறுபத்தோரு பிள்ளைகள். டெல்ஃபினின் உடையில் சாயங்காலம் ஒரே குடிசைப் புகை வாடை. அந்த வாண்டுகள் இப்போது தகப்பன்மாருக்குக் குத்தகைப் பத்திரத்தைப் படித்துக் காட்டுகின்றனவாம். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கைநாட்டு வைத்தவர்கள் இந்த வருடம் பாதி கேட்டார்கள். கர்னல் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு என் நாற்காலியில் வந்து ஒரு மணி நேரம் அழுதார்.

1876, செப்டம்பர் 30

தெருவில் கர்னல் கட்சி வெள்ளைக்காரர்கள் சிவப்புச் சட்டை போட்டு, துப்பாக்கியோடு குதிரையில் போகிறார்கள். தேர்தலில் எங்கள் ஆட்களை மிரட்டவாம். பாதிப் பேருக்கு நான்தான் மீசை ஒதுக்குகிறேன். சிவப்புச் சட்டை போட்டுவிட்டால் கோழை வீரனாகிவிடுவான் என்று யார் சொன்னது?

கர்னல் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"நீ அந்தக் கூட்டமாடா? உங்கப்பனை எனக்குத் தெரியும். எங்களுக்கு ஓட்டுப் போடுன்னுகூடச் சொல்லல. அன்னைக்குக் கடையைத் தெறந்து வச்சு உன் வேலையைப் பாரு, போதும்."

"மனை, கர்னல்?"

"உன் மனை உன் மனைதான்டா."

கை கொடுத்தார். அப்பாவின் காலத்திலிருந்து முதல் முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 7

தேர்தல் நாள். கடை திறந்திருந்தது. பன்னிரண்டு சவரம், மூன்று முடிவெட்டு. மூன்று மணிக்குப் பிரைமஸ் வாசலில் வந்து நின்றான். நெற்றியில் காயம். "இன்னும் நேரம் இருக்குண்ணே. நான் கூட வர்றேன்," என்றான். ஆள் காத்திருக்கிறது என்றேன். நாற்காலி காலியாக இருந்ததை அவன் பார்த்தான்.

நவம்பர் 8

என் சட்டை, கால்சராய், கோட்டு எல்லாம் வேலியில் தொங்குகின்றன. ஓட்டு விற்ற புருஷன்மாருக்கு மாதா கோயில் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம்.

"நான் யாருக்கும் விக்கல டெல்ஃபின். போகவே இல்ல, அவ்வளவுதான்."

"விக்கக்கூட இல்லியா? சும்மாவே குடுத்தியா?" என்றாள். இருபது வருடத்தில் முதல் முறையாக 'நீ'.

கடையில் படுக்கிறேன். என் மனை, என் கூரை. இவளுக்கு என்ன தெரியும், நான் எதைக் காப்பாற்றினேன் என்று.

1877, ஏப்ரல் 24

எங்களுக்குக் காவலாக நின்ற வடக்கத்திப் பட்டாளம் போய்விட்டது, ஆட்சி கர்னலின் கட்சி கையில். பிரைமஸை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். புது மதிப்பீட்டாளர் கர்னலின் தங்கை மகன், வயலில் கால் வைக்காதவன். நாலாயிரம் ஏக்கரும் மறுபடி சதுப்பு. பணம் இல்லையென்று பள்ளியைப் பூட்டிவிட்டார்கள்.

டெல்ஃபின் மாதா கோயிலில் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறாள். என்னோடு பேச்சு இல்லை.

மே 15

ஏல அறிவிப்பு நீதிமன்றக் கதவில் ஒட்டியிருந்த நாட்கள் ஒன்று குறைவாம். புது நீதிபதி கண்டுபிடித்திருக்கிறார். அன்றைய ஏலம் முழுக்கச் செல்லாது, வயல்கள், மனைகள், எல்லாம்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் குறைஞ்சுதாம். எண்ணிப் பார்க்க இவனுங்களுக்கு மூணு வருஷம் ஆச்சா? நான் ஏன் அன்னைக்கு எழுந்து போகல? கால் இல்லியா எனக்கு? போய் ஒரு சீட்டைப் போட்டுட்டு வர எவ்வளவு நேரமாயிருக்கும்?

மே 16

வழக்குப் போடலாம் என்று பிரைமஸ் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறான். அவனுடைய இருபது ஏக்கரும் போய்விட்டது. கடைக்கு மட்டும் வரவில்லை.

ஜூன் 4

கர்னல் வந்தார். வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கத்தி தொண்டைக்குழியில் இருந்தபோதுதான் சொன்னார், கண்ணைத் திறக்காமலே.

"வாடகை பழைய வாடகைதான்டா, ஆம்ப்ரோஸ். உங்கப்பனுக்காக."

"ரொம்ப நன்றிங்க, கர்னல்," என்றேன்.

வாய்க்கு வந்த பேச்சில்லை அது. உண்மையாகவே நன்றியாக இருந்தது. இரண்டு டாலர் கூட்டுவார் என்று பயந்திருந்தேன்.