மூன்று ஷிஃப்ட் வெளியே இருந்தவரின் நெல்

அனுப்புநர்
பெ. மெர்சி (வயது 41),
க/பெ. பென்னி,
தேவாலயத் தெரு,
அரசங்கரை கிராமம், புதுவாயல் வழி,
கும்மிடிப்பூண்டி வட்டம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: அரசங்கரை ஏரி மதகு திறப்பு – எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு வரியை ஊருக்கே கொடுத்த அறிவிப்பாகக் காட்டி, விவசாயி திரு. சுப்பிரமணி அவர்களின் நிவாரண மனுவை நிராகரித்தது – அதை மறுபரிசீலனை செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஏரி மதகைக் கவனிக்கும் பிரிவு அலுவலகம் திரு. சுப்பிரமணிக்கு அனுப்பிய பதில் கடிதம் (நகல் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போனபோது, “உங்களுக்கு இன்னாம்மா நஷ்டம்?” என்று கேட்டார். எனக்கு நஷ்டம் இல்லை, என் மேல் போலீசில் புகார் கொடுத்த ஒருவருக்குத்தான் நஷ்டம், அவருக்காகத்தான் மனு என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆகவே நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ‘புதுவாயல் பஸ் தகவல்’ என்ற வாட்ஸ்அப் குழுவை நடத்தி வருகிறேன். கம்பெனி பஸ் கூட்டு ரோட்டுக்கு வந்துவிட்டதா, இன்றைக்கு லேட்டா என்று தெரிந்துகொள்ள எங்கள் காலனிப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. பிறகு கரண்ட் எப்போது வரும் என்று கேட்க ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள். கத்திரிக்காய் விற்க விவசாயிகள் சேர்ந்தார்கள். காலனியில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாப் பையன்களும் எல்லைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களும் வந்தார்கள். இப்போது நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

2. நானூறு பேர் என்றால் நானூறு புகார் ஐயா. பெருமாள் படம் போட்டால் ஒரு புகார், வேத வசனம் போட்டால் ஒரு புகார். இரண்டையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் புகார். ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்பார்கள். “உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? சம்பளமா குடுக்குறாங்க?” என்று என் கணவர் கேட்காத நாள் இல்லை. ஆனாலும் குழு ஓடுகிறது. அது ஓடுவதற்குக் காரணம் இரண்டு விதிகள்.

3. முதல் விதி, அட்மின் இருவர். காலனிப் பக்கம் நான், ஊர்ப் பக்கம் நெல் வைக்கும் திரு. ஆதிகேசவன். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் ஒருவரை நீக்கலாம். இரண்டாவது விதி, யாரையும் நிரந்தரமாக நீக்குவதில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நேரம் என்றால் ஷிஃப்ட்தான். ஆகவே தண்டனையும் ஷிஃப்ட் கணக்கு. சின்னத் தப்புக்கு ஒரு ஷிஃப்ட் வெளியே. பெரிய தப்புக்கு மூன்று ஷிஃப்ட், அதாவது ஒரு முழு நாள். நேரம் முடிந்ததும் நாங்களே திரும்பச் சேர்த்துவிடுவோம், மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். என் கொழுந்தனார் சீட்டுக் கம்பெனி விளம்பரம் போட்டு இரண்டு முறை வெளியே இருந்திருக்கிறார். அதற்காக என் மாமியார் என்னோடு பேசாமல் இருந்தது தனிக்கதை.

4. கடந்த ஜனவரி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. கம்பெனி பஸ் ஓட்டும் திரு. ஸ்டீபன் ஒரு போட்டோ போட்டார். அரசங்கரை ரோட்டில் பாதிக்கு மேல் நெல் காயப் போட்டிருந்தது. “இப்படிப் பரப்பினா பஸ் எப்படிப்பா வரும்? கொஞ்சம் வாரிடுங்க” என்று எழுதியிருந்தார். கேட்டது நியாயம். ஆனால் போட்டோவில் திரு. சுப்பிரமணியின் மனைவி குனிந்து நெல் துழாவிக்கொண்டிருந்தது தெரிந்தது. கேட்காமல் ஒருவர் படத்தைப் போடக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்.

5. அதற்கு திரு. சுப்பிரமணி வாய்ஸ் மெசேஜில் பதில் போட்டார். தங்கள் முன் அதை அப்படியே எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் போனால் நான் ஏன் நீக்கினேன் என்று புரியாது. “ரோடு இன்னா உங்க கம்பெனி பட்டாவா? நேத்து வரிக்கும் எங்க கழனில நாத்து புடுங்கினதுங்க, இன்னிக்கு பஸ்ல ஏறி குந்திக்கினு எனுக்கு நாயம் சொல்லுதுங்க.” நாற்றுப் பிடுங்கியவர்களில் என் அம்மாவும் ஒருவர். அவருடைய கழனியில்தான். அந்த ‘துங்க’ எங்கள் காலனியில் எல்லோர் போனிலும் ஒலித்தது. எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

6. எங்கள் லைனில் வேலை செய்யும் கங்கம்மா, ஷிஃப்ட் முடிந்து கேட்டில் போனை வாங்கியதும் அதைக் கேட்டுவிட்டு, “அக்கா, அந்தாள தூக்குறியா, இல்ல நாங்க அல்லாரும் கெளம்பட்டுமா?” என்றாள். நான் ஆதிகேசவனுக்குப் போன் செய்தேன். அவரும் சுப்பிரமணியும் பங்காளிகள். ஆனாலும், “தூக்கு மெர்சி. பேசினது தப்புதான். ஒரு நாளிக்கு கம்முனு குந்திக்கினு இருக்கட்டும்” என்றார். செவ்வாய் மதியம் இரண்டு மணியிலிருந்து சுப்பிரமணிக்கு மூன்று ஷிஃப்ட். ஸ்டீபனுக்குப் போட்டோவுக்காக ஒரு ஷிஃப்ட். இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை.

7. இந்த இடத்தை ஐயா கவனிக்க வேண்டும். திட்டினாரே தவிர, சுப்பிரமணி அன்று சாயங்காலமே ரோட்டில் இருந்த நெல்லை வாரிவிட்டார். புதன்கிழமை காலை பஸ் தடையில்லாமல் வந்தது. வாரிய நெல்லை வைக்க வேறு மேடான இடம் இல்லாததால், கால்வாய் ஓரமாக இருக்கும் தம்முடைய களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார். காலையில் டோக்கன் கேட்க நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டார்.

8. அதே புதன்கிழமை காலை, பிரிவு அலுவலக ஊழியர் ஒருவர் எங்கள் குழுவில் ஒரு வரி போட்டார். “ஏரியின் உபரிநீர் இன்று மதியம் திறக்கப்படும். கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.” அவர் அலுவலகத்தின் சார்பில் சேர்ந்தவர் அல்ல. கூட்டு ரோட்டில் பஸ் ஏறுபவர் என்று நாங்கள் சேர்த்துக்கொண்டவர். அந்த நேரத்தில் நான் தொழிற்சாலைக்குள் இருந்தேன். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆதிகேசவன் கடம்பத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பார்த்தவர்கள் தங்கள் ஆட்டை அவிழ்த்தார்கள், மோட்டாரைக் கழற்றினார்கள். பக்கத்துக் களத்துக்காரரை நான் பிறகு கேட்டேன். “குரூப்புலதான் போட்டுட்டாங்களே, அவுரு பாத்துகினு இருப்பாருன்னு நெனச்சேன்” என்றார். அவர் மேல் தப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

9. மதியம் இரண்டு மணிக்குப் போனைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக, விதிப்படி, சுப்பிரமணியைத் திரும்பச் சேர்த்தேன். மற்ற மெசேஜ்களை நான் அதற்குள் படிக்கவில்லை. அவர் வெளியே இருந்தபோது வந்த மதகுச் செய்தி அவர் போனுக்கு வராது. சேர்ந்த பிறகு வருவது மட்டும்தான் வரும். அவருக்கு முதலில் வந்தது ஒரு போட்டோ. தண்ணீருக்கு நடுவில் தார்ப்பாய் மிதந்துகொண்டிருந்தது. கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: “யாருதுப்பா இந்த நெல்லு?”

10. நனைந்த நெல்லை மூன்றாம் நாள் கிளறியபோது உள்ளே முளை விட்டிருந்தது. ஸ்டீபனும் வந்து சாக்கில் அள்ளிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. போக மனம் வரவில்லை என்பதே உண்மை.

11. திரு. சுப்பிரமணி முதலில் என் மேல்தான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். வேண்டுமென்றே நீக்கி அவரை நஷ்டப்படுத்தினேன் என்று. எய்தவன் இருக்க அம்பை நோவது நம் ஊரில் புதிதல்ல. காவலர்கள் மரியாதையாகவே விசாரித்து, ஆதிகேசவனையும் கேட்டு, அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் நிவாரணம் கேட்டு மனுக் கொடுத்தார். அதற்கு வந்த பதிலை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக எங்கள் தெருவுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே காகிதத்தை நீட்டினார். “இன்னா மெர்சி, நீதான் கவர்மென்ட்டா? படிச்சிப் பாரு, உன் குரூப்பு பேரு போட்டுகீது.”

12. அதில் இப்படி இருந்தது: “‘புதுவாயல் பஸ் தகவல்’ குழு வாயிலாகப் பொதுமக்களுக்கு உரிய முன்னறிவிப்பு வழங்கப்பட்டுள்ளதால், தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.” பஸ் வந்ததா என்று கேட்க ஆரம்பித்த குழு எப்போது அரசாங்கத்தின் தண்டோரா ஆனது என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றிருப்பேன்.

13. நானும் ஆதிகேசவனும் பிரிவு அலுவலகம் போய்க் கேட்டோம். அங்கிருந்தவர், “குரூப்ல போட்டா ஊருக்கே போட்ட மாதிரிதானம்மா. நீங்க ஒருத்தர தூக்கினா அதுக்கு நாங்களா பொறுப்பு?” என்றார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்குப் பதில் தோன்றியது. முன்பு மதகு திறந்தால் ஆட்டோவில் மைக் கட்டிக் கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு போவார்கள். போன் இல்லாதவருக்கும் கேட்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கேட்கும். நல்ல வாய் உள்ளவன், கெட்ட வாய் உள்ளவன் என்று பார்த்து மைக் யாரையும் நீக்காது. அந்த ஆட்டோ ஒரு வருடமாக வரவில்லை. ஏன் என்று கேட்டால், அதான் குரூப் இருக்கிறதே என்கிறார்கள்.

14. இதனால் இன்னொன்றும் நடந்துவிட்டது. போன வாரம் ஒருவர் ஒடிசாப் பையன்களைப் பற்றி அசிங்கமாகப் பேசி வாய்ஸ் போட்டார். சுப்பிரமணி பேசியதைவிட மோசம். நீக்க வேண்டும் என்று விரல் போனது. அவர் வீடும் கரையோரம்தான். நான் நீக்கிய நேரம் பார்த்து மதகு திறந்தால்? விட்டுவிட்டேன். அந்தப் பையன்கள் குழுவைவிட்டு வெளியேறினார்கள். கங்கம்மாவும் போய்விட்டாள். “அப்ப அவுரு பேசினா தப்பு, இவுரு பேசினா தப்பு இல்லியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் என் நிலைமை. கெட்ட பேச்சுப் பேசியவர்கள் உள்ளே இருக்கிறார்கள், பேச்சு வாங்கியவர்கள் வெளியே போகிறார்கள்.

15. திரு. சுப்பிரமணிக்கும் எனக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்று ஐயா நினைத்துவிட வேண்டாம். பேசிய பேச்சுக்கு இன்றுவரை அவர் வருத்தம் சொல்லவில்லை. இந்த மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னால், என் பெயருக்குக் கீழே போட முடியாது என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பெருமாள் படத்தோடு குட்மார்னிங் வேறு போட்டார். எச்சரித்திருக்கிறேன். மறுபடி அப்படி யாரையாவது பேசினால் மறுபடி மூன்று ஷிஃப்ட் வெளியே நிறுத்துவேன். அதில் மாற்றம் இல்லை.

ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்பது:

பார்வையில் கண்ட கடிதத்தில் ‘உரிய முன்னறிவிப்பு வழங்கப்பட்டுள்ளது’ என்ற வரி உண்மை அல்ல. சுப்பிரமணிக்கு அறிவிப்புக் கிடைக்கவில்லை. அதற்கு, அவரை நீக்கிய நானே சாட்சி. எங்கு வரச் சொன்னாலும் வந்து சொல்கிறேன், ஒரு நாள் லீவு போனாலும் பரவாயில்லை. அந்த வரியை நீக்கி, அவர் மனுவை மறுபடி எடுத்து விசாரிக்க உத்தரவிட வேண்டும்.

மதகு திறக்கும்போது முன்போல மைக் ஆட்டோ அனுப்ப வேண்டும். அது போன பிறகு எங்கள் குழுவிலும் போடட்டும், தடை இல்லை.

எங்கள் குழுவை எங்களிடம் விட்டுவிட வேண்டும். பஸ் வந்ததா என்று கேட்கவும், தப்பாகப் பேசியவரை ஒரு நாள் வெளியே நிறுத்தவும் எங்களுக்கு அது வேண்டும். வெளியே நிற்பவர் பஸ்ஸைத் தவறவிடலாம், அதற்கு நான் பொறுப்பு ஏற்கிறேன். அதற்கு மேல் அவர் எதையும் இழக்கக் கூடாது.

என் அம்மாவைச் சேர்த்து அவர் பேசிய பேச்சுக்கு நான் கொடுத்த தண்டனை மூன்று ஷிஃப்ட். ஒரு போக நெல்லை நான் கேட்கவில்லை ஐயா.

இடம்: அரசங்கரை
நாள்: 16.02.2026

மேலே எழுதியது அத்தனையும் உண்மை என ஒப்பமிடும்,
(ஒப்பம்) பெ. மெர்சி

உடன் ஒப்பம்: ஆதிகேசவன்

இணைப்பு: பதில் கடிதத்தின் நகல்; தார்ப்பாய் மிதந்ததைக் காட்டிக் குழுவில் வந்த போட்டோ (போட்டவர் அனுமதியுடன்).

பி.கு.: மனுவை மடிக்கும் நேரத்தில் திரு. சுப்பிரமணி வந்து, என் பெயருக்குக் கீழே போடாமல் பக்கத்தில் ஓரமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதையும் செல்லும் என ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.